மணிக்கட்டில் கீஹோல் சத்திரசிகிச்சை: காயம் சின்னதென்று ஏமாற வேண்டாம்

"ஓட்டைதானே போடுறாங்க, ரெண்டு கிழமையில கொழுந்துக்குப் போயிரலாம்." லயத்தில் இப்படிச் சொல்லும் ஆளை நம்புவதுதான் முதல் தவறு. தோலில் விழுவது அரை சென்ரிமீற்றர் அளவான இரண்டு மூன்று வெட்டுகள்தான். ஆனால் உள்ளே நடக்கும் வேலை பெரியது. விரல்களில் வலை உறை மாட்டிக் கையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, ஏறத்தாழ 5 கிலோ இழுவையில் மூட்டை விரிப்பார்கள். உப்புநீர் செலுத்தி, 2 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்பான கமராவை விட்டுப் பார்ப்பார்கள். கிழிந்த குருத்தெலும்பைச் சீவி விடலாம், அல்லது தைக்கலாம். சீவியதற்கும் தைத்ததற்கும் குணமாகும் காலம் ஒன்றல்ல.

உறை மாட்டும் விரலில் மோதிரம் இருக்கக்கூடாது, வளையலும் ஆகாது. இறுகிப்போன மோதிரத்தை முதல் நாளே சவர்க்காரம் போட்டுக் கழற்றுங்கள். வராவிட்டால் வெட்டத்தான் வேண்டும்.

விடியற்காலை பஸ் ஏறும்முன் ரொட்டியும் பால் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தால் சத்திரசிகிச்சை தள்ளிப்போகும். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகலாம் என்பதே காரணம். பொதுவாகச் சாப்பாட்டுக்கு 6 மணித்தியாலம், தண்ணீருக்கு 2 மணித்தியாலம் இடைவெளி வேண்டும். பிளேன்டீ தண்ணீர்க் கணக்கு, பால் சேர்ந்தால் சாப்பாட்டுக் கணக்கு. வார்டில் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதுவே சட்டம். அஸ்பிரின், வார்ஃபரின் போன்றவற்றைக் குடிப்பவர் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

பலருக்குக் கையை மட்டும் விறைக்க வைக்கும் ஊசிதான் போடுவார்கள். அந்த விறைப்பு 12 மணித்தியாலம், சிலருக்கு ஒரு நாள்வரைகூட இருக்கும். அன்றிரவுதான் தவறுகள் கூடுதலாக நடக்கும். குளிருக்கு விறகடுப்புப் பக்கம் கையை நீட்டினால் தோல் வெந்தாலும் தெரியாது. சூட்டுப் போத்தலும் வேண்டாம். வலி இல்லையே என்று மாத்திரையைத் தள்ளிப்போட்டால், நடுச்சாமத்தில் விறைப்பு விடும்போது வலி மொத்தமாக வரும். விறைப்பு இருக்கும்போதே முதல் மாத்திரையைக் குடித்துவிடுங்கள். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துக் கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். விறைப்பு விட்டபின் மணிக்கு ஒருதரம் விரல்களைப் பத்துத் தடவை மடக்கி நீட்டுங்கள். ஸ்லிங்கில் போட்டபடியே நாள் முழுக்கக் கிடந்தால் விரல் இறுகிவிடும்.

விரல் நீலம் பாரித்தாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். புறங்கையில் ஒரு பக்கம் மட்டும் மரத்திருந்தால் அங்குள்ள நரம்புக்கு அழுத்தம் பட்டிருக்கலாம். பெரும்பாலும் தானாக மாறும், ஆனாலும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

தோலில் போட்ட தையலை வெட்டுவது 10 முதல் 14 நாளில். அதுவரை மருந்தெண்ணெய் பூசுவதோ பச்சிலைப் பத்துப் போடுவதோ வேண்டாம். பண்டேஜ் மழையில் நனைந்தால் அப்படியே விடாமல் மாற்ற வேண்டும்.

உள்ளே குருத்தெலும்பைச் சீவி மட்டும் விட்டிருந்தால் சில நாளில் கோப்பை பிடிக்கலாம், பாரமான வேலைக்குப் பொதுவாக 4 முதல் 6 கிழமை. தைத்திருந்தால் 4 முதல் 6 கிழமை ஸ்பிளின்ட் அல்லது பிளாஸ்டர், பாரம் தூக்க மூன்று மாதமளவு. "கூடை முதுகில்தானே தொங்குது, கைக்கென்ன?" என்பார்கள். ஒவ்வொரு கொழுந்துக்கும் மணிக்கட்டுத் திரும்புகிறதே! மேட்டில் ஏறும்போது தேயிலை மரத்தைப் பிடித்து உடம்பை இழுப்பது அதைவிட மோசம், கவ்வாத்துக் கத்தி இன்னும் மோசம். வீட்டில் தரையில் கையை ஊன்றி எழும்பும் பழக்கத்தையும் கொஞ்ச நாள் விடுங்கள்.

வாயால் சொன்ன ஓய்வு கங்காணியிடம் எடுபடாது. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே, எத்தனை கிழமைக்கு இந்தக் கையால் பாரம் கூடாது என்று மெடிக்கலில் எழுதி வாங்குங்கள். டயக்னோசிஸ் கார்டில் சீவியதா, தைத்ததா என்று எழுதியிருக்கிறதா எனவும் கேட்டுப் பாருங்கள். பிசியோவில் முதலில் கேட்பது அதைத்தான்.