பட்டறை மேசைக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ற காஸ்டர் சக்கரங்கள்

சக்கரம் பூட்டிய பட்டறை மேசை ஒரு நாளில் சில நிமிடங்களே உருள்கிறது. மீதி நேரமெல்லாம் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் காஸ்டர், அதாவது மேசைக்காலின் அடியில் பூட்டும் தாங்கியோடு கூடிய சக்கரம், வாங்குபவர் பெரும்பாலும் சக்கரத்தை விரலால் ஒருமுறை சுழற்றி, அது தடையின்றி ஓடுகிறதா என்று மட்டுமே பார்க்கிறார். ரம்பம் ஓடும்போதும் இழைப்புளியைத் தள்ளும்போதும் அந்த மேசை அசையாமல் நிற்குமா என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் தேர்வு சரியாக அமையும்.

முதலில் எடையைக் கணக்கிட வேண்டும். மேசை, அதன்மேல் நிரந்தரமாக இருக்கும் இயந்திரம், இழுப்பறைகளில் நாளடைவில் சேரும் கருவிகள், வேலைக்காக ஏற்றும் பலகை அல்லது இரும்பு ஆகிய அனைத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு காஸ்டர்களைப் பொருத்தினாலும் கூட்டுத்தொகையை மூன்றால் வகுப்பதே பாதுகாப்பான முறை. தரை எங்கும் முழுச் சமமாக இருப்பதில்லை. ஒரு சக்கரம் மயிரிழை உயர்ந்து நின்றாலும் மற்ற மூன்றின் மீதே பாரம் இறங்கிவிடும். மேசை 80 கிலோ, இயந்திரம் 70 கிலோ, பொருள்கள் 30 கிலோ என்றால் மொத்தம் 180 கிலோ. ஆகவே ஒரு காஸ்டர் குறைந்தது 60 கிலோ தாங்க வேண்டும். மோட்டார் ஒரு மூலையில் தொங்கினாலோ, வாசற்படியைத் தாண்டி இழுக்க நேர்ந்தாலோ அது போதாது. 80 அல்லது 100 கிலோ தாங்குவதை எடுப்பது நல்லது.

சக்கரத்தின் விட்டம் பெரிதாக ஆக, உருட்டத் தேவைப்படும் விசை குறையும். 50 மில்லிமீட்டர் சக்கரத்தை ஒரு சிறு மரச்சீவலோ தரையில் கிடக்கும் திருகாணியோ நிறுத்திவிடும். 100 மில்லிமீட்டர் சக்கரம் அதை ஏறிக் கடந்துவிடும். பாரமான மேசைக்கு 75 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் விட்டம் கூடினால் மேசையின் உயரமும் கூடும். காஸ்டரின் முழு உயரம் சக்கரத்தின் விட்டத்தைவிடச் சில சென்டிமீட்டர் அதிகம் என்பதால், கால்களை அறுப்பதற்கு முன்பே காஸ்டரை வாங்கி அளந்து, அந்த அளவைக் கால்களில் கழித்துவிட வேண்டும்.

அடுத்தது சக்கரம் எதனால் ஆனது என்பது. நைலானும் வார்ப்பிரும்பும் கெட்டியானவை; பாரத்தில் நசுங்காததால் எளிதாக உருளும். ஆனால் சத்தம் அதிகம். ஓடு பதித்த தரையில் கீறலும் விழும். ரப்பர் சத்தமின்றி ஓடும், தரையை நன்றாகப் பற்றும். எனினும் பாரத்தோடு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பகுதி தட்டையாகி, பிறகு உருட்டும்போது தடதடக்கும். சிலவகைக் கறுப்பு ரப்பர் தரையில் கறையும் படியவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே இருப்பது, கெட்டியான உள்வட்டத்தின்மேல் பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் பூசிய சக்கரம். பெரும்பாலான மரப்பட்டறைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கடைசலும் துளையிடலும் நடக்கும் இடத்தில் கதை வேறு: கூரான இரும்புச் சீவல்கள் மென்மையான மேற்பரப்பில் குத்திக்கொண்டு அங்கேயே தங்கிவிடும், வெல்டிங் பொறி விழுந்தால் அது உருகவும் கூடும். அங்கே வார்ப்பிரும்பின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல். ஈரமும் வெப்பமும் சேர்ந்து நிலவும் இடத்தில் சிலவகைப் பாலியூரித்தேன் காலப்போக்கில் வெடித்து உதிரும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

நான்கும் திரும்பும் காஸ்டர்களாக இருந்தால் நெருக்கடியான இடத்தில் மேசையைப் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். நீண்ட தூரம் நேராகத் தள்ளும்போது அது தன்னிச்சையாக அலையும். இரண்டு திரும்புபவை, இரண்டு திரும்பாதவை என்ற அமைப்பு தள்ளுவண்டிக்குப் பொருந்தும். திரும்புபவை கைப்பிடி உள்ள பக்கத்தில் வர வேண்டும்.

இனி நிற்பதைப் பார்ப்போம். சாதாரண பிரேக் சக்கரம் உருள்வதை மட்டுமே தடுக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கவை அப்போதும் திரும்பும், ஆகையால் மேசை சிறிது ஆடிக்கொண்டே இருக்கும். உருளுதலையும் திரும்புதலையும் ஒரே மிதியில் பூட்டும் வகையே வேலை மேசைக்கு ஏற்றது. சுவரோரம் நிற்கும் மேசையில் பின்பக்க மிதியைக் கால் எட்டாது என்பதால், முன்பக்கத்து இரண்டிலாவது இவ்வகைப் பூட்டு இருக்கட்டும். திரும்பும் காஸ்டரின் சக்கரம், கவை திரும்பும் அச்சாணிக்கு நேர்க்கீழே இல்லாமல் சற்று விலகியே தரையைத் தொடுகிறது. அது மேசைக்கு உள்பக்கமாகத் திரும்பி நின்றால் மேசையின் அடித்தளம் குறுகும். பூட்டுவதற்கு முன் சக்கரங்களை வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் அடித்தளம் அகலும்; உயரமான இயந்திரம் கவிழும் வாய்ப்பும் குறையும். இத்தனை செய்தும் கையால் இழைக்கும்போது வரும் பக்கவாட்டு உந்தலை எந்தப் பூட்டும் முழுமையாகத் தாங்குவதில்லை. அத்தகைய மேசைக்கு, நெம்புகோலை மிதித்தால் சக்கரம் இறங்கி மேசையைத் தூக்குவதும், விட்டால் மேசை தன் கால்களிலேயே அமர்வதுமான அமைப்பையே நான் பரிந்துரைப்பேன்.

பொருத்தும்போது, நான்கு துளையுள்ள தட்டு வகையைத் தேர்ந்தெடுத்து, மரத் திருகாணிக்குப் பதிலாக மரத்தை ஊடுருவும் போல்ட், அகலமான வாஷர், தளராத நட்டு ஆகியவற்றால் முடுக்குங்கள். குறிப்பாக மரக்காலின் வெட்டுமுனையில் நேராகத் திருகாணி இறக்கினால், பக்கவாட்டு விசையில் அது விரைவில் பிடுங்கிக்கொள்ளும். திரும்புபவையும் திரும்பாதவையும் கலந்து பொருத்துவதானால் இரண்டின் முழு உயரமும் ஒன்றா என்று அளந்து பாருங்கள். திரும்பாத இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். ஒரு மாதம் கழித்துப் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்கி, அச்சில் சுற்றியிருக்கும் நூலையும் மரத்தூளையும் எடுத்துவிடுங்கள்.