பைக் செயினுக்கு எவ்வளவு தொய்வு வேண்டும்? அளந்து சரிசெய்யும் முறை

செயின் கொஞ்சம் தொங்குகிறது என்றவுடன் முறுக்கிவிடுவதுதான் புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்கள் செய்யும் முதல் தவறு. நானும் செய்தேன். கடகடவென்ற சத்தம் நின்றால் போதும் என்று வில்லின் நாணைப் போலச் செயினை இழுத்துக் கட்டினேன். சில வாரங்களில் முன் பல்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஆயில் சீல் கசியத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பேரிங்கும் தேய்ந்திருந்தது.

காரணம் எளிது. பின்சக்கரம், அதைத் தாங்கும் இரு கரம் கொண்ட சட்டமான ஸ்விங் ஆர்மோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிறது. முன் பல்சக்கரமோ ஸ்விங் ஆர்மின் அச்சுக்குச் சற்று முன்னால், எஞ்சினில் இருக்கிறது. நீங்கள் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது, முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் (பின்சக்கரத்தின் நடுத்தண்டு) ஆகிய மூன்றின் மையமும் ஒரே கோட்டுக்கு வரும். அப்போதுதான் செயின் மிக அதிகமாக இழுபடும். அந்த இழுப்புக்கு நாம் முன்கூட்டியே விட்டுவைக்கும் இடம்தான் தொய்வு. அதற்காக அளவுக்கு மீறித் தளர விட்டாலும் ஆபத்து: செயின் பல்லிலிருந்து கழன்று சக்கரத்தையே பூட்டிவிடும்.

இங்கே சொல்வது பின்புறம் டிரம் பிரேக் உள்ள 100 முதல் 150 சிசி வரையிலான பைக்குகளுக்கு. இவற்றில் பலவற்றுக்குத் தொய்வு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் பைக்குக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். அளக்கும்போது பைக் எந்த ஸ்டாண்டில் நிற்க வேண்டும் என்பதையும் அதிலேயே பாருங்கள். ஸ்டாண்டு மாறினால் அளவும் மாறும்.

முதலில் அளப்போம்

எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது செயின் பக்கம் கையைக் கொண்டு போகவே கூடாது, விரல் துண்டாகிவிடும். மூடிய செயின் கவர் என்றால் அதிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் செயின் தெரியும். முதல்முறை செய்பவர்கள் கீழ்க் கவரையே கழற்றிவிடுவது நல்லது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

இரு பல்சக்கரங்களுக்கும் நடுவே, கீழ்ப்பக்கச் செயினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். செயினைக் கீழே அழுத்தி, ஒரு கண்ணியில் உள்ள சிறு ஆணி ஸ்கேலின் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறியுங்கள். பிறகு மேலே தள்ளி அதே ஆணியைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தொய்வு. சும்மா தொங்கும் நிலையிலிருந்து மேலே தள்ளி மட்டும் அளந்தால் கணக்கு தவறிவிடும்.

ஓரிடத்தில் அளந்து நிறுத்திவிடாதீர்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. பின் பல்சக்கரத்தில் 44 பல், செயினில் 110 கண்ணி என்றால், செயின் ஒரு முழுச் சுற்று வரச் சக்கரம் இரண்டரை முறை சுற்ற வேண்டும். ஆகவே சக்கரத்தைக் கையால் மெல்ல மூன்று சுற்றாவது சுற்றி, கால் சுற்றுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கேதான் அளவு சரியாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் விறைத்தும் இன்னோரிடத்தில் மிகவும் தொங்கியும் இருந்தால், அல்லது பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால், முறுக்கிப் பயனில்லை. செயினையும் இரு பல்சக்கரங்களையும் ஒரே செட்டாக மாற்றுங்கள்.

சரிசெய்தல்

ஆக்சில் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின் (இரு கால் கொண்ட கம்பி ஊசி) இருந்தால் அதை எடுத்துவிட்டு ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். பல மாடல்களில் பல்சக்கரத்தின் பக்கம் தனியாக ஒரு ஸ்லீவ் நட் இருக்கும். அதைத் தளர்த்த மறந்துவிட்டு, சக்கரம் நகரவில்லையே என்று, சக்கரத்தைப் பின்னால் இழுக்கும் திருகான அட்ஜஸ்டரை முறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் உண்டு. பெடலையும் பின் பிரேக்கையும் இணைக்கும் கம்பியான பிரேக் ராடின் நட்டையும் சில சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள்.

இனி இரு பக்க அட்ஜஸ்டர் நட்டுகளையும் சமமாக, ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் தொய்வை அளந்து, ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணிக்கொள்ளும். செயின் பல்லின் பக்கவாட்டை அரைக்கத் தொடங்கிவிடும்.

அளவு வந்ததும் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளிப் பிடித்தபடி முதலில் ஸ்லீவ் நட்டையும் பிறகு ஆக்சில் நட்டையும் இறுக்குங்கள். தொய்வை மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது சில மில்லிமீட்டர் மாறுவது வழக்கம். பிறகு புதிய ஸ்பிலிட் பின் போடுங்கள். பழையதை நிமிர்த்திப் போட்டால் முறிந்துவிடும்.

பலரும் விட்டுவிடுவது பிரேக்கைத்தான். சக்கரம் பின்னால் நகர்ந்தால் பிரேக் ராடும் இழுபடும்; அதைத் தளர்த்தாமல் விட்டால் பிரேக் உரசிக்கொண்டே ஓடும், டிரம் சூடேறும். பிரேக் ராடு நட்டைத் திருப்பி, பெடலின் தளர்வைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் உரசாமல் சுழல வேண்டும். பெடலை மிதித்தால் உடனே நிற்க வேண்டும், சாவியைப் போட்டு மிதித்தால் பின்னால் பிரேக் விளக்கும் எரிய வேண்டும். இவை மூன்றும் சரியாக இருந்தால் கவரை மாட்டி, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.