ஊருக்குப் போகாத கூட்டாளிகளோடு கொண்டாடும்போது செய்யக் கூடாதவை

ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே தெரு காலியாகிவிடும். பஸ் ஸ்டாண்டில் நிற்க இடம் இருக்காது. ஆனாலும் மாடிக்கு மாடி ஒன்றிரண்டு வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், திருநங்கை என்று தெரிந்த நாளிலிருந்து வாசற்படி ஏற முடியாதவர்கள், அம்மா அப்பா இல்லாதவர்கள், லீவு கிடைக்காதவர்கள். நாளடைவில் இவர்களே ஒருவருக்கொருவர் அக்கா, தம்பி, மாமா என்று ஆகிவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எட்டு வருடமாக ஆறேழு பேர் சேர்ந்து பொங்கல் வைக்கிறோம், பிறந்தநாள் கொண்டாடுகிறோம். நல்ல மனசோடு செய்தும் தப்பாகிப்போன விஷயங்கள் இதில் நிறைய உண்டு.

முதல் தவறு, "ஊருக்குப் போகலையா?" என்று கேட்பது. போக முடிந்தால் போயிருப்பார். அடுத்தது, பண்டிகைக்கு முந்தின நாள் ராத்திரி, "இங்கதானே இருக்கீங்க, வந்துடுங்க" என்று போகிற போக்கில் சொல்வது. போக்கிடம் இல்லாதவர் ஒரு வாரமாக அந்த அழைப்புக்காகத்தான் காத்திருந்திருப்பார். பத்து நாள் முன்னாடியே சொல்லுங்கள். சொல்லும்போதே ஒரு வேலையையும் கொடுத்துவிடுங்கள். எங்கள் அக்கா ஒருவர் முதல் வருடப் பொங்கலுக்கு வந்தபோது, ஸ்வீட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார். மறு வருடம் மஞ்சள் கொத்தையும் நூலையும் அவர் கையில் கொடுத்து, "பானையில் கட்டுங்கக்கா" என்றோம். அன்று இருட்டுகிற வரை இருந்தார். இப்போது அவர் வந்து கட்டினால்தான் எங்களுக்குப் பொங்கல்.

வேலை கொடுப்பது என்றால் எல்லா வேலையையும் ஒருவர் தலையில் கட்டுவதல்ல. "அக்கா குழம்பு வெச்சா தனி ருசி" என்று சொல்லியே ஒருவரை நாள் முழுக்க அடுப்படியில் நிறுத்தும் வழக்கம் நண்பர்கள் கூட்டத்திலும் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

பிறந்தநாளுக்கு வருவோம். இங்கேதான் தவறு அதிகம். எந்தத் தேதி என்பதிலேயே ஆரம்பிக்கிறது. நடுத்தர வயதைத் தாண்டிய பலருக்கு சர்டிபிகேட்டில் உள்ளது பிறந்த தேதியே இல்லை. பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று வாத்தியார் மே, ஜூனில் ஏதோ ஒரு தேதியை எழுதியிருப்பார். தான் பெயர் மாற்றிக்கொண்ட நாளைத்தான் பிறந்தநாள் என்று சொல்லும் திருநங்கைத் தோழி ஒருவர் எங்களோடு இருக்கிறார். பழைய தேதிக்கு வாழ்த்துச் சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். ஆபீஸ் ரிஜிஸ்டரைப் பார்த்து முடிவு செய்யாமல், "எந்த நாளில் கேக் வெட்டலாம்?" என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

நடுராத்திரி சர்ப்ரைஸையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். காலை ஆறு மணி ஷிப்ட் உள்ளவருக்கு அது தண்டனை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. காதல் கல்யாணம் செய்துகொண்டு வந்த ஒரு ஜோடியின் வீட்டுக் கதவை ஒருமுறை பன்னிரண்டு மணிக்குத் தட்டினோம், அந்தத் தங்கையின் பிறந்தநாள் என்று. தட்டியதும் உள்ளே விளக்கு அணைந்தது. சத்தமே இல்லை. நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்தது. அவர்களைத் தேடி வந்தவர்களும் முன்பு ஒரு நாள் ராத்திரியில்தான் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது. கேக் வெட்டும்போதும் அந்தப் பெண்ணின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சர்ப்ரைஸ் எல்லாம் மாலை ஏழு மணிக்குத்தான். போட்டோவும் அப்படியே. கேட்காமல் ஸ்டேட்டஸில் போடுவதில்லை. பின்னால் தெரியும் கடைப் பலகை ஒன்றே போதும், தேடுகிறவர்களுக்கு முகவரி கிடைத்துவிடும்.

ஸ்நோ ஸ்ப்ரேயை மெழுகுவத்தி எரியும்போது அடிக்கவே கூடாது. அந்த டப்பாக்கள் பலவற்றில் நுரையைத் தள்ளுவது பியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயு, கிட்டத்தட்ட அடுப்பு கேஸ்தான். முகத்தருகே குப்பென்று பற்றிக்கொள்ளும். முதுகில் குத்துவது, தலையில் முட்டை உடைப்பது இதெல்லாமும் வேண்டாம். அடி வாங்கியே வளர்ந்தவருக்கு அது விளையாட்டாகத் தெரியாது.

அப்புறம் காசு. "தலைக்கு ஐநூறு" என்று குரூப்பில் போட்டுவிட்டு, கொடுக்காதவர் பெயரையும் அங்கேயே போடுவது நட்பைக் கெடுக்கும். ஒருவருக்கு அந்த மாதம் முடியவில்லை என்றால், இரண்டு பேர் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடலாம். அதியமான் ஆண்ட தகடூர் என்பது நம் தர்மபுரிதான். கிடைப்பதற்கு அரிய நெல்லிக்கனியை அதியமான் அதன் பயனைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்தான் என்று இந்த மண்ணில் எல்லோரும் படித்திருக்கிறோம். சொல்லாமல் கொடுத்ததுதான் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். பரிசுக்கும் பெரிய செலவு தேவையில்லை. மே, ஜூனில் பிறந்தநாள் வந்தால் கிருஷ்ணகிரியில் ஒரு பெட்டி செந்தூராவோ மல்கோவாவோ வாங்கினால் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

விளையாட்டில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம்: காசு வைக்கக் கூடாது. பத்து ரூபாயில் ஆரம்பித்த ரம்மியால் ஒரு வருடம் பேச்சே நின்றுபோன நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். ஆடுபுலி ஆட்டம் போட்டுப் பாருங்கள். சாக்பீஸால் தரையில் கட்டம் வரைந்து, மூன்று புளியங்கொட்டை புலி, பதினைந்து கூழாங்கல் ஆடு. ஆட்டின் பக்கம் நான்கு பேர் சேர்ந்து யோசிக்கலாம், புதிதாக வந்தவரும் அதில் ஒட்டிக்கொள்வார்.

லீவு என்றாலே இங்கே ஒகேனக்கல்தான். தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பலர் ஆடிப் பதினெட்டுக்குத்தான் போக ஆசைப்படுவார்கள். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்து அங்குள்ள அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவதும் அதே ஆடியில்தான். கிளம்பும் முன், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் பாருங்கள். வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். தடை இருக்கும்போது, காசு வாங்கிக்கொண்டு வேறு துறையில் ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். பரிசலில் லைஃப் ஜாக்கெட்டைக் கயிறு கட்டிப் போட வேண்டும், செல்ஃபிக்காக எழுந்து நிற்கக் கூடாது. குடித்தவர் தண்ணீரில் இறங்கவே கூடாது. இதில் வயது, மரியாதை எதுவும் பார்க்காமல் தடுங்கள். பென்னாகரம் போகும் காட்டு ரோட்டில் யானை கடக்கும், அதனால் இருட்டுவதற்கு முன் கிளம்பிவிட வேண்டும்.

இன்னொன்று. அருவிக்குப் போனால் எல்லோரும் குளித்தே ஆக வேண்டும் என்று இழுக்காதீர்கள். உடை மாற்றும் இடம் எங்கள் திருநங்கைத் தோழிக்குச் சங்கடம். ஆண்கள் பக்கமும் போக முடியாது, பெண்கள் பக்கமும் முறைத்துப் பார்ப்பார்கள். முதல் தடவை அவரைப் பைகளுக்குக் காவலாகக் கரையில் விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் தண்ணீரில் ஆடினோம். இப்போது முறை வைத்திருக்கிறோம். யாராவது ஒருவர் குளிக்காமல் அவரோடு பாறை நிழலில் உட்காருவார். மீன் வறுவல் வந்ததும் ஆறுவதற்கு முன்பே இருவரும் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு மிச்சம்தான்.