பெட்ராவில் திடீர் வெள்ள அபாயம்: கியூஜிஐஎஸ்ஸில் கணிப்பது எப்படி?

ஜோர்டானின் பழங்கால நகரமான பெட்ராவுக்குள் நுழையும் வழி 'சீக்' என்ற மலையிடுக்கு. 1963 ஏப்ரலில் அதற்குள் பாய்ந்த வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். வாடி மூசா என்ற வறண்ட ஓடைக்கு மேலுள்ள மொட்டை மலைகளில் பெய்யும் மழையை மண் அதிகம் உறிஞ்சாது. அப்படியே கீழே உருண்டு வரும். ஆகவே நாம் முதலில் கேட்க வேண்டியது, இந்த இடத்துக்கு எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வந்து சேரும் என்பதுதான். அதைக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில் கண்டுபிடிக்கலாம்.

படி 1: ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோள் திட்டம் தரும் 30 மீட்டர் உயரத் தரவை (ஒவ்வொரு 30 மீட்டர் கட்டத்துக்கும் நில உயரம்) இலவசமாக இறக்கி, தூரத்தை மீட்டரில் அளக்கும் யூடிஎம் 36 வடக்கு (UTM 36N) ஆயமுறைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் தூரம் டிகிரியில் நிற்கும்.

படி 2: கியூஜிஐஎஸ்ஸில் கிராஸ் (GRASS) என்ற கூடுதல் கருவித் தொகுப்பின் செருகியை இயக்கி, நீரோட்டத்தைக் கணக்கிடும் 'ஆர்.வாட்டர்ஷெட்' (r.watershed) கருவியைத் திறங்கள். குறைந்தபட்ச வடிநில (ஓரிடத்துக்கு நீர் வந்து சேரும் பரப்பு) அளவாக 1000 பிக்சல் கொடுங்கள். ஒரு பிக்சல் 900 சதுர மீட்டர் என்பதால் அது 0.9 சதுர கிலோமீட்டர். கருவி தரும் நீர்த்திரட்சி ராஸ்டரில் (ஒவ்வொரு பிக்சலுக்கும் எவ்வளவு நீர் வந்து சேரும் என்று காட்டும் கட்டப் படம்) எதிர்மறை எண்கள் வந்தால், படத்தின் விளிம்புக்கு வெளியிலிருந்தும் நீர் வரக்கூடும் என்று பொருள். அப்போது இன்னும் பெரிய பரப்பை இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.

படி 3: ஒரு புள்ளிக்கு நீர் வந்து சேரும் வடிநிலத்தை வரைந்து தரும் 'ஆர்.வாட்டர்.அவுட்லெட்' (r.water.outlet) கருவியில் சீக்கின் வாயைக் கொடுங்கள். புள்ளி நீர்க்கோட்டின் மேலேயே விழ வேண்டும். ஒரு பிக்சல் தள்ளிப் போனாலும் வடிநிலம் துண்டாகிவிடும்.

படி 4: வெள்ளம் வந்து சேரும் நேரம். கிர்பிச் சூத்திரப்படி, நிமிடங்கள் = 0.0195 × நீளம்^0.77 × சரிவு^−0.385. நீளம் என்பது ஓடையின் நீளம், மீட்டரில். சரிவு என்பது ஓடை இறங்கும் உயரத்தை அதன் நீளத்தால் வகுத்தால் வருவது. உதாரணமாக 10 கிலோமீட்டர் ஓடை 600 மீட்டர் இறங்கினால், சுமார் 70 நிமிடம். 1940இல் டென்னசியின் சிறு வடிநிலங்களிலிருந்து வந்த சூத்திரம் இது. பாலைவனத்தில் உத்தேசக் கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கைத் திட்டத்துக்கு இதைவிடக் குறைந்த நேரத்தையே எடுங்கள்.

படி 5, என் கணிப்பில் மிக முக்கியமானது: சீக் சில இடங்களில் மூன்று மீட்டர் அகலம்தான். 30 மீட்டர் பிக்சலுக்கு அது தெரியவே தெரியாது. அப்புறம், பெட்ராவைக் கட்டிய நபதேயர்கள் சீக்கின் வாசலில் அணை கட்டி, பாறையைக் குடைந்து வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். அந்தச் சுரங்கமும் உயரத் தரவில் இல்லை. செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் வைத்து, சீக்கின் 1.2 கிலோமீட்டர் பாதை, அணை, சுரங்கம் மூன்றையும் கையால் வரைந்து தனி அடுக்காகச் சேருங்கள். ஆட்கள் மேடேறக்கூடிய இடங்களையும் அதே அடுக்கில் குறித்துவிடுங்கள்.