அழகுக்காக வாங்கும் சிறு மடிக்கணினியை எடைபோடுவது எப்படி?

பாலக்காட்டுக் கடையில் பூவேலை மூடியுடன் மின்னும் சிறு மடிக்கணினியைக் கண்டு மனம் இழுபடும்போது, மூடியை மறந்துவிட்டு முதலில் விசைப்பலகையைத் தொட்டுப் பாருங்கள். உடலைக் குறுக்குவதற்காகப் பெரும்பாலும் வலது ஓரத்து விசைகளையே சுருக்குகிறார்கள். தமிழ்99 என்னும் தமிழ்த் தட்டச்சு விசையமைப்பில் ச, ஞ, ந, ய, ழ ஆகிய எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே கடையில் நின்றபடியே 'பழஞ்சோறு' என்று பத்து முறை தட்டிப் பாருங்கள். சுண்டுவிரல் தடுமாறினால், ஆங்கிலம் மட்டும் தட்டுபவர்கள் சொல்லும் பாராட்டு நமக்குப் பொருந்தாது.

2008இல் ஆடை வடிவமைப்பாளர் விவியன் டாமின் வடிவமைப்பில் எச்பி நிறுவனம் அறிவித்த செந்நிற 'மினி' மடிக்கணினி, கைப்பையில் அடங்கும் அழகோடு, முழு அளவில் 92 விழுக்காடு உள்ள விசைப்பலகையையும் தந்தது. அது உண்மையான பலம். ஆனால் உள்ளே இருந்தது நெட்புக் எனப்பட்ட சாதாரணச் சிறு மடிக்கணினிகளில் இருந்த அதே இன்டெல் ஆட்டம் செயலிதான். எனவே, அதே செயலியும் நினைவகமும் கொண்ட அலங்காரமில்லாத கணினியின் விலையையும் கேட்டு, தோற்றத்துக்கு மட்டும் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பளபளப்பான திரையை வாசல் வெயிலில் திருப்பிப் பாருங்கள். வாளையாறு தாண்டும் பேருந்தின் சன்னலோரத்தில் அதில் எழுத்தைவிட நம் முகமே தெளிவாகத் தெரியும். நினைவகம் உள்ளிருக்கும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் பின்னர் கூட்ட இயலாது என்பதால், அதையும் வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.