கூரையில் பென்டோகிராஃப் இல்லாத மின்சார இன்ஜின்: கிளாஸ் 73 மாடல் கட்டும் முறை

காட்பாடி ஜங்ஷனில் 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே ஓடும் இன்ஜின்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு பிரிட்டனின் கிளாஸ் 73 சற்றுப் புதிராக இருக்கும். மின்சார இன்ஜின்தான், ஆனால் மேல்கம்பியிலிருந்து கரன்ட் எடுக்கும் பென்டோகிராஃப் கூரைமேல் கிடையாது. தெற்கு இங்கிலாந்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போகும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து, போகியில் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) தொங்கும், ஷூ எனப்படும் கரன்ட் எடுக்கும் தகடு வழியாக 750 வோல்ட் டி.சி. எடுத்துக்கொள்ளும். அப்போது 1,600 குதிரைத்திறன். அந்தத் தண்டவாளம் இல்லாத இடத்தில் உள்ளேயே இருக்கும் 600 குதிரைத்திறன் டீசல் இன்ஜினில் ஓடும். மாடலில் முழுக் கவனமும் வேண்டியது இந்த ஷூவுக்கும், முகப்பில் ஜன்னலுக்குக் கீழே வரும் காற்றுக் குழாய்களுக்கும்தான். இவை இரண்டும் சரியில்லை என்றால் எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும் அது கிளாஸ் 73 ஆகாது.

முதலில் ஒரே ஒரு இன்ஜின் எண்ணையும் ஒரே ஒரு வருடத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 1962-ல் ஈஸ்ட்லியில் கட்டியவை 6. 1965 முதல் 1967 வரை வல்கன் ஃபவுண்ட்ரியில் கட்டியவை 43. இரண்டு வகைக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. அதே எண்ணின் இரண்டு பக்கப் படங்களும் கையில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை வெட்டினால் ஜன்னலும் கிரில்லும் இடம் மாறிவிடும்.

ஓஓ ஸ்கேலில், அதாவது 76.2-ல் ஒரு பங்கில், 16.36 மீட்டர் நீளம் 214.7 மி.மீ. ஆகும். அகலம் 34.6, தண்டவாளத்திலிருந்து கூரை உச்சி 49.7, சக்கரம் 13.3 மி.மீ. பக்கச் சுவருக்கு உள்ளே 1 மி.மீ., வெளியே 0.5 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) ஷீட். இரண்டு சுவரும் சேர்ந்து 3 மி.மீ. எடுத்துக்கொள்வதால் தரைப்பலகையை 31.6 மி.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். இந்தக் கழித்தலை மறந்தால் கடைசியில் கூரை உட்காராது.

இரண்டு ஷீட்டையும் ஒட்டும்போதுதான் வேலூர் வெயில் வேலையைக் காட்டும். எம்.இ.கே. போன்ற, பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் சால்வென்ட் நடுப்பகலில் பிரஷ்ஷிலேயே ஆவியாகிவிடும். ஓரம் ஒட்டியிருக்கும், நடுப்பகுதி ஒட்டியிருக்காது. காலை ஏழு மணிக்குள், ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள். உள்ஷீட்டில் 15 மி.மீ.க்கு ஒன்றாக 1 மி.மீ. துளை போட்டுவிட்டால் அடைபட்ட ஆவி வெளியேறும். துளை இல்லாவிட்டால் சில நாளில் சுவர் வில்லாக வளையும். ஒட்டியதைக் கண்ணாடிப் பலகைமேல் கனம் வைத்து ஒரு முழு நாள் விடுங்கள். காயும் ஷீட்டை மொட்டைமாடி அறையில் வைக்கவே வைக்காதீர்கள்.

கிரில்லுக்கு 0.25 மி.மீ. ஷீட்டில் அரை மி.மீ. பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரே சாய்வில் அடுக்கி ஒட்ட வேண்டும். பட்டையைக் கத்தி முனையால் எடுத்து வைத்து, சால்வென்ட்டை ஓரத்தில் மட்டும் தொடுங்கள். பிரஷ் நிறைய எடுத்தால் நாலு பட்டையும் உருகி ஒன்றாகிவிடும். சக்கர அச்சின் முனையைத் தாங்கும் ஆக்ஸில் பாக்ஸின் வட்ட மூடிகளுக்கு ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலைக்கு வைத்திருக்கும் துளை பஞ்ச் போதும். அடியில் மரக்கட்டை வைத்து ஒரே அடியில் வெட்டினால் ஓரம் பிசிறாது.

முகப்புக் குழாய்களுக்கு பழைய டெலிபோன் கேபிளின் 0.5 மி.மீ. செம்புக் கம்பி சரியாக இருக்கும். துளை போட்டு உள்ளே நுழைத்து ஒட்டுங்கள். மேலாக ஒட்டினால் முதல் முறை கையில் எடுக்கும்போதே உதிரும். தனி இன்ஜின் இல்லாமல் பெட்டியிலேயே மோட்டார் உள்ள மல்டிபிள் யூனிட் ரயில்களோடு இணைவதற்காகத்தான் இவை இவ்வளவு மேலே இருக்கின்றன. முகப்பில் மோதலைத் தாங்கும் பஃபருக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள்.

ஓட்டத்துக்கு என்20 எனப்படும் 12 வோல்ட் சிறு கியர் மோட்டாரும், சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் பெவல் கியரும் போதும். மோட்டாரின் அகலம் 12 மி.மீ., சக்கரங்களுக்கு இடையே 14.4 மி.மீ. இடம் இருக்கும். மாடல் கணக்கில் மணிக்கு 60 மைல் போக சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று சுற்ற வேண்டும். அதற்கேற்ற கியரைப் பார்த்து வாங்குங்கள். இந்த மோட்டார் கரன்ட் அறுந்த நொடியே நின்றுவிடும் என்பதால் எட்டுச் சக்கரத்திலிருந்தும் கரன்ட் எடுக்க வேண்டும். டயர் கடையில் கிடைக்கும் ஒட்டு எடைகளை மோட்டார் போகிக்கு மேலே வைத்து, மொத்தம் 300 கிராமுக்குக் கொண்டுவாருங்கள்.

பெயின்டுக்கு முன் பாடியைச் சோப்பில் கழுவி, கடைசியாக பேட்டரிக் கடை டிஸ்டில்ட் வாட்டரில் அலசுங்கள். இங்குள்ள போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை உப்பு படியும், அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. மஞ்சள் முகப்பை முதலில், வெள்ளை பிரைமர்மேல் அடித்து, பிறகு மறைத்து நீலம் அடியுங்கள். நடுப்பகலில் ஸ்ப்ரே செய்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து மாவாகப் படியும். மறைப்பு டேப்பை அன்றே உரித்துவிடுங்கள். வெயிலில் பசை இளகிப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும்.

இனி ஷூ. நிஜத்தில் மூன்றாவது தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து 16 அங்குலம் வெளியே, 3 அங்குலம் உயரத்தில் இருக்கும். மாடலில் 5.3 மி.மீ., 1 மி.மீ. இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஓஓ தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; உண்மையான அளவோ 18.83. மாடல் தண்டவாளத்திலிருந்து 5.3 அளந்தால் மூன்றாவது தண்டவாளம் 1.2 மி.மீ. உள்ளே வந்துவிடும், ஷூ அதன்மேல் உட்காராது. பாதையின் நடுக்கோட்டிலிருந்து 14.7 மி.மீ. அளந்து பதியுங்கள். ஷூவையும் அதே 14.7-ல் ஒட்டுங்கள். பித்தளையில் செய்தால் ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு, ஸ்டைரீனே நல்லது. ஷூவின் அடிமட்டம் சக்கரம் ஓடும் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 1.2 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். உங்களிடம் உள்ள மிகக் கூர்மையான வளைவிலும் பாதை பிரியும் ஒவ்வொரு பாயின்ட்டிலும் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். எங்காவது உரசினால் ஷூவை 0.3 மி.மீ. உயர்த்துங்கள், போகியைத் தொடாதீர்கள்.