36,000 அடியில் எடை போட்டுப் பார்ப்பது எப்படி

எங்கள் வீட்டுப் பட்டாலையில் தூணோரமாக என் கம்ப்யூட்டர் இருக்கிறது. நாற்காலிச் சக்கரம் ஆத்தங்குடிக் கல்லைக் கீறுகிறது என்று அப்பத்தா திட்டாத நாள் இல்லை. பகலெல்லாம் காரைக்குடியில் இன்வெர்ட்டர் வேலை, ராத்திரி கம்ப்யூட்டர் கேமில் விமானம் ஓட்டுவது. வள்ளல் அழகப்பரே லண்டன் குரோய்டனில் விமானம் ஓட்டப் பழகியவர்தானே, நமக்கு ஜாய்ஸ்டிக்காவது இருக்கட்டும்.

லீவுக்கு வந்த அண்ணன் மகன் ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: "சித்தப்பா, மேல போகப் போக புவியீர்ப்பு குறையுதுல்ல, அதான் பிளேன் மிதக்குது. கேம்ல கரெக்டா பண்ணிருக்காங்க."

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். தப்பு. 36,000 அடியில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் 30 சதவீதம்தான். வேகமானி 250 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) காட்டும்போது விமானம் உண்மையில் 430 நாட்டுக்கு மேல் ஓடுகிறது. மூக்கு ஆடினால் அடக்கிப்பிடிக்கக் காற்று போதாது. கை உணரும் மிதப்பு இதுதான். புவியீர்ப்பு குறைந்திருப்பது 0.34 சதவீதம். 70 டன் விமானத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 240 கிலோ, அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் பத்து இறக்கி வைத்த மாதிரி. அது கைக்குத் தெரியாது. ஆகவே உங்கள் கேம் புவியீர்ப்பை ஒழுங்காகக் கணக்கிடுகிறதா என்று பார்க்க, ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அளக்க வேண்டும்.

முதலில் எதிர்பார்க்க வேண்டிய எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 6,371 கிலோமீட்டரை, 6,371-உடன் உங்கள் உயரத்தைக் கூட்டிய தொகையால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். தரையில் இருக்கும் ஈர்ப்பில் எத்தனை பங்கு மிச்சம் என்று தெரிந்துவிடும். 11 கிலோமீட்டரில் 0.9966. 100 கிலோமீட்டரில்கூட 0.97. விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டரில் 0.885. அங்கே ஆட்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் இல்லை, நிலையத்தோடு சேர்ந்து அவர்களும் விழுந்துகொண்டே இருப்பதால்.

இன்னொரு விஷயம் என்னை ஒரு ராத்திரி தூங்கவிடவில்லை. பாடப் புத்தகத்துப் புவியீர்ப்பு எண்ணான 9.80665 (விழும் பொருளின் வேகம் விநாடிக்கு விநாடி இத்தனை மீட்டர் கூடும்) என்பது நம் ஊர் எண்ணே இல்லை. நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. காரைக்குடி 10 டிகிரி வடக்கில் இருப்பதால் நமக்குச் சுமார் 9.782தான். புத்தக எண்ணைவிட கால் சதவீதம் குறைவு. அப்படியென்றால் பட்டாலையில் உட்கார்ந்திருக்கும்போதே நான் 8 கிலோமீட்டர் உயரம் ஏறியவன் கணக்கு! பல கேம்கள் ஊருக்கு ஊர் மாற்றாமல் உலகம் முழுக்க ஒரே எண்ணை வைத்துக்கொள்கின்றன. எனவே உயரத்தைச் சோதிக்கும் முன் தரையில் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எதைப் படிப்பது? எரிபொருள், மொத்த எடை என்று கிலோவில் காட்டுவதைப் பார்த்துப் பயனில்லை. அது சந்தைத் தராசு மாதிரி. இரண்டு தட்டும் ஒரே ஈர்ப்பில் இருப்பதால் எவ்வளவு உயரம் தூக்கிப் போனாலும் ஒரு கிலோ கத்தரிக்காய் ஒரு கிலோதான். நமக்கு வேண்டியது ஸ்பிரிங் தராசு. விமானத்தில் அது ஜி-மீட்டர்: 9.80665-ஐ 1 என்று வைத்து, இப்போது உணரும் எடை அதில் எத்தனை பங்கு என்று காட்டும். ஆனால் பேனலில் உள்ள முள் ஒரு தசமத்துக்கு மேல் காட்டாது. நாம் தேடுவது மூன்றாவது தசமம்.

காசு செலவில்லாமல் தொடங்க ஃபிளைட்கியர் என்ற விமான கேம் நல்லது. டீபக் (Debug) மெனுவில் உள்ளே ஓடும் எண்களையெல்லாம் திறந்து காட்டும் ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதில் எஃப்டிஎம், ஜேஎஸ்பிசிம், ஆக்சிலரேஷன்ஸ் என்று இறங்கினால் கிராவிட்டி என்ற பெயரோடு ஒரு எண், அடிக்கணக்கில். ஜேஎஸ்பிசிம் என்பது விமானத்தின் அசைவைக் கணக்கிடும் மென்பொருள்; அந்த அடுக்கே இல்லையென்றால் அந்த விமானம் வேறு கணக்கு மென்பொருளில் ஓடுகிறது, வேறு விமானம் எடுங்கள். திருச்சி ஓடுதளத்தில் நிறுத்திப் படித்தால் 32.2-ஐ ஒட்டி வரும். 36,000 அடியில் 32.09. இரண்டும் கிடைத்தால் உயரக் கணக்கு உள்ளே இருக்கிறது.

இங்கே நான் ஒரு முறை ஏமாந்தேன். நம் ஊர் 9.782-ஐ அடியாக மாற்றினால் 32.09தான் வர வேண்டும், தரையிலேயே 32.2 ஏன் என்று குழம்பி, மென்பொருள்தான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டேன். தப்பு என்னுடையது. ஜேஎஸ்பிசிம் காட்டுவது வெறும் ஈர்ப்பு. பூமி சுழல்வதால் குறையும் எடையை அது தனியாகக் கழிக்கிறது.

உள்ளே திறந்து காட்டாத கேமுக்கு ஜி-எண்ணைப் பதிவு செய்வதுதான் வழி. எக்ஸ்-பிளேன் என்ற கேமில் டேட்டா அவுட்புட் பக்கத்தில் மாக் (ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட வேகம்), ஏறும் வேகம், ஜி மூன்றும் ஒரே வரிசையில் இருக்கும். அதைக் கோப்பில் எழுதச் சொல்லி டிக் பண்ணுங்கள். வானிலையில் காற்று பூஜ்யம், குலுக்கல் பூஜ்யம். ஆட்டோபைலட்டில் உயரத்தைப் பிடித்து வைத்து, விமானம் அடங்கும்வரை காத்திருந்து, ஒரு நிமிஷப் பதிவின் சராசரி எடுங்கள். முதல் தடவை பதிவு பாதியில் இருக்கும்போது கரண்டு போய்விட்டது. ஊருக்கெல்லாம் இன்வெர்ட்டர் மாட்டுகிறவன் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை, என்ன செய்ய.

அந்தச் சராசரியை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜி-மீட்டர் விமானத்தின் முதுகுக்குச் செங்குத்தாக அளக்கிறது. மூக்கு 3 டிகிரி தூக்கியிருந்தால் அதிலேயே 0.14 சதவீதம் காணாமல் போகும். நாம் தேடும் 0.34-இல் அது பெரிய பங்கு. மூக்கின் கோணத்தையும் பதிவு செய்து, அதன் கொசைனால் வகுத்துவிடுங்கள்.

அப்புறம் திசை. காரைக்குடிக்கு மேலே கிழக்கே கடலைப் பார்த்து 485 நாட் தரைவேகத்தில் போனால், பூமியின் சுழற்சியோடு உங்கள் வேகமும் சேர்ந்து எடை 0.47 சதவீதம் குறையும். திரும்பி மேற்கே மதுரை பார்த்து அதே வேகத்தில் வந்தால் 0.27 சதவீதம் கூடும். உயரத்தால் வரும் வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு! பூமி உருண்டை என்பதையும் சுழல்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் கேமில், நம் ஊர்க் கால் சதவீதக் குறைவும் உயரக் குறைவும் சேர்ந்து, 36,000 அடியில் கிழக்கே 0.989, மேற்கே 0.997 என்று வர வேண்டும். இரண்டு பக்கமும் 1.000 என்றால் அது தட்டையான உலகம், மாறாத ஈர்ப்பு. எனக்கு இந்தச் சோதனைதான் பிடித்தது, ஏனென்றால் ஒரே உயரத்தில் ஒரு யூ-டர்ன் போட்டாலே முடிந்துவிடும்.

1.000 வந்தால் கேமை ஏமாற்று என்று சொல்லிவிடாதீர்கள். உயரமானியே 9.80665 மாறாது என்று வைத்துச் செய்த நிலையான வளிமண்டலக் கணக்கில்தான் ஓடுகிறது. ஈர்ப்புக் குறைவை உயரத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 11,000 மீட்டர் என்பது டேப் வைத்து அளந்தால் 11,019. பயணிகள் விமானம் ஓட்ட இது தாராளம்.

ராக்கெட் விமானம் என்றால் கதை வேறு. 1963 ஆகஸ்டில் ஜோ வாக்கர் எக்ஸ்-15-இல் 354,200 அடி, அதாவது 108 கிலோமீட்டர் ஏறினார். பழைய எக்ஸ்-பிளேன் பதிப்புகளில் அந்த விமானம் கூடவே வந்தது. அதை முடிந்தவரை செங்குத்தாக ஏற்றி, 100 கிலோமீட்டர் அருகே எஞ்சின் அணைந்தபின் ஏறும் வேகத்தைக் குறித்து, சரியாக 10 விநாடி கழித்து மறுபடி குறியுங்கள். ஈர்ப்பு மாறாத கேமில் நிமிஷத்துக்கு 19,300 அடி குறைந்திருக்கும். மாறுகிற கேமில் 18,700 அருகே. சாய்வாக ஏறினால் கணக்கு கெடும்: விநாடிக்கு 1,600 மீட்டர் கிடைவேகம் இருந்தால், பூமியின் வளைவே 9.8-இல் 0.4-ஐக் கழித்துவிடும். நாம் தேடுவதோ 0.3.

இவ்வளவு நுணுக்கம் வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும் என்றால் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் எடுங்கள். அதன் கெர்பின் கிரகம் 600 கிலோமீட்டர் ஆரம்தான். 70 கிலோமீட்டர் ஏறினாலே ஈர்ப்பு 9.81-இலிருந்து 7.87-க்கு இறங்கிவிடும். அண்ணன் மகன் இப்போது அதில்தான் இருக்கிறான். நாற்காலியும் அவனிடம்தான். நான் தரையில் உட்கார்ந்து கொசைன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.